மணிக்கு 66 கிலோமீட்டர் வேகத்தில் ஓர் உப்புத்தாள்

புகை பிடிக்கும் பைப்புக்காக நான் செய்த மூன்றாவது தண்டும் ஓட்டையாகிவிட்டது. விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். பல்லில் கடிக்கும் இடத்துக்குச் சற்று முன்னால், கடுகளவு வெளிச்சப் புள்ளி. நான்கு மணி நேர வேலை. லேத்தில் முளை கடைந்து, இரண்டு பக்கமிருந்தும் துளை போட்டு, இரண்டும் நடுவில் சரியாகச் சந்தித்ததற்கு எனக்கு நானே சபாஷ் சொல்லிக்கொண்டு, கடைசியில் பெல்ட் சாண்டரில், அதாவது உப்புத்தாள் பட்டை சுற்றி ஓடி அரைக்கும் இயந்திரத்தில், கொண்டுபோய் வைத்த பத்தாவது நொடியில் எல்லாம் போயிற்று.

கராஜுக்குள் எட்டிப் பார்த்த மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு, “அப்பா, பட்டாசு வெடிச்சீங்களா?” என்றாள். தண்டு செய்யும் கெட்டி ரப்பரான எபொனைட் சூடேறினால் அப்படித்தான். ரப்பர் கருகும் வாசனை, அதற்குள் கந்தக நெடி. தீபாவளி மறுநாள் காலைத் தெருவைப் போல. கார் சீட்டில்கூட அது ஏறிவிட்டது என்பது என் மனைவியின் புகார். உண்மைதான்.

முதலில் ஒரு விளக்கம். இந்த வேலையைத் தொடங்கிய புதிதில் அம்மாவிடம் போனில் “பைப் செய்யக் கத்துக்கறேன்” என்று சொன்னேன். “ஏன், அங்க பிளம்பர் வரமாட்டானா?” என்று கேட்டார். சுங்கான் என்று நல்ல சொல் ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லியிருக்கலாம். சொல்லிப் புரியவைத்ததும் அடுத்த கேள்வி: “ஏண்டா, இந்த வயசுல புகை பிடிக்கப் பழகிட்டியா?” இல்லை. நான் பிடிப்பதில்லை, பிடிக்கச் சொல்லி யாருக்கும் பரிந்துரைப்பதும் இல்லை. புகையிலை என்ன செய்யும் என்பது எல்லோருக்கும் தெரியும். எனக்குப் பிடித்தது அந்தப் பொருள். கள் குடிக்காதவன் மொந்தை வனைகிற கதை என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

சிகாகோவுக்கு மேற்கே அரோராவில் இருக்கிறோம். பக்கத்து ஊரான செயின்ட் சார்ல்ஸில், ஃபெசன்ட் ரன் என்ற பெரிய விடுதியில் முன்பெல்லாம் ஆண்டுதோறும் சுங்கான் கண்காட்சி நடக்கும். அங்கே ஒரு முறை வேடிக்கை பார்க்கப் போனதில்தான் இது தொற்றிக்கொண்டது. மத்தியதரைக் கடலோரம் வளரும் எரிகா என்ற புதர் மரத்தின் வேர்முண்டில் செய்த, புகையிலை போடும் கிண்ணங்கள், தீநாக்கு மாதிரி நெளியும் ரேகைகளோடு மேசை மேசையாக இருந்தன. நான் கிண்ணங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அனுபவசாலிகள் கிண்ணத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு உடனே திருப்பி, வாயில் வைக்கும் கருப்புத் தண்டின் நுனியைக் கட்டைவிரலால் தடவினார்கள். மரத்தின் அழகு இயற்கை தருவது, தண்டு செய்தவன் கையில் இருக்கிறது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

பெரிய தொழிற்சாலைகளில் தண்டை அச்சில் வார்த்துவிடுவார்கள். கையால் செய்கிறவர்கள் எபொனைட் அல்லது அக்ரிலிக் கம்பியை வெட்டி எடுத்துக் குடைந்து, அரைத்து, அரத்தால் ராவி உருவாக்குகிறார்கள். ஒரு முனையில் கிண்ணத்தின் மரக்கட்டைக்குள் போய் உட்காரும் முளை. மறுமுனையில் பல்லுக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளும் சின்ன வரம்பு, அதைப் பட்டன் என்பார்கள். முளைப் பக்கம் சுமார் 4 மில்லிமீட்டராகத் தொடங்கும் காற்றுத் துளை குறுகிக்கொண்டே வந்து, பட்டனுக்கு அருகில் ஒன்றரை மில்லிமீட்டர் உயரமுள்ள கீற்றாகி, வாய்ப்பக்கம் விசிறி போல விரியும்.

இங்கேதான் கணக்கு இடிக்கிறது. கடிக்கும் இடத்தில் தண்டின் மொத்தத் தடிமன் 4 மில்லிமீட்டர் அளவில் இருந்தால் வாய்க்கு இதம். ஐந்தானால் வாயில் மரக்கட்டையை வைத்த மாதிரி இருக்கும். நாலில் துளைக்கு ஒன்றரை போனால் மீதி இரண்டரை. மேலே ஒன்றேகால், கீழே ஒன்றேகால். அவ்வளவுதான் சுவர். துளை ஒரு பக்கமாகச் சிறிது ஒதுங்கியிருந்தால் ஒரு பக்கச் சுவர் ஒரு மில்லிமீட்டருக்கும் கீழே. 80 கிரிட் (இந்த எண் குறையக் குறையச் சொரசொரப்பு அதிகம்) உப்புத்தாளில் ஒட்டியிருக்கும் ஒரு துகளின் சராசரி அளவே 0.2 மில்லிமீட்டர். ஆறு துகள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் என் சுவரின் உயரம் வந்துவிடும்! அந்தச் சுவரைக் கொண்டுபோய் ஓடும் பெல்ட்டில் வைத்திருக்கிறேன்.

எபொனைட்டைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. ரப்பரோடு நிறையக் கந்தகம் சேர்த்து நெடுநேரம் சூடாக்கினால் அது வளையும் தன்மையை இழந்து மரம் போல இறுகிவிடும். ரப்பரைக் கந்தகத்தால் பதப்படுத்தும் வல்கனைசேஷன் முறையால் புகழ்பெற்ற சார்ல்ஸ் குட்இயரின் தம்பி நெல்சன் குட்இயர் 1851இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். கருப்பாக, பளபளப்பாக, கருங்காலி மரம் மாதிரி இருந்ததால் எபொனி என்ற மரப் பெயரையே வைத்தார்கள். (நம்மூரில் இப்போது கழுத்துக்குக் கழுத்து கருங்காலி மாலை. எபொனைட் மணியைக் கோத்துக் கொடுத்தால் எத்தனை பேர் கண்டுபிடிப்பார்கள் என்று ஒரு விபரீத ஆசை உண்டு.) சுங்கான் செய்கிறவர்கள் மதிக்கும் எபொனைட் ஜெர்மனியிலிருந்து வருகிறது. ஹாம்பர்க்கில் சீப்பு செய்து பெயர் வாங்கிய பழைய ரப்பர் கம்பெனி ஒன்றின் கம்பிகளுக்குத் தனி மவுசு. பார்ம்பெக் பகுதியில் அந்தக் கம்பெனி இருந்த பழைய கட்டடம் இன்று தொழிலாளர் வாழ்வைக் காட்டும் அருங்காட்சியகம்.

ஆனால் என் கைக்கு எபொனைட் முதலில் வந்தது ஜெர்மனியிலிருந்து இல்லை. அப்பாவிடம் ஒரு கருப்புப் பேனா இருந்தது. லேத்தில் கடைந்தது, பில்லரால் மை ஊற்றுவது. திருவள்ளூரிலும் ராஜமுந்திரியிலும் இன்றும் அப்படிக் கடைந்து பேனா செய்கிறார்கள், உலகம் முழுக்க வாங்குகிறார்கள். அப்பா பேனாவின் பின்பக்கத்தைக் கடித்துக்கொண்டே வீட்டுப்பாடம் எழுதுவது என் பழக்கம். அதற்கு வாங்கிய அடிக்குக் கணக்கில்லை. மெல்லிய கசப்பும், கடித்தால் பல் வழுக்காமல் சற்றே அழுந்தும் அந்த உணர்வும் நாக்கில் இருந்திருக்க வேண்டும். முதல் எபொனைட் துண்டை அரைத்து வாயில் வைத்துப் பார்த்தபோது அப்பாவின் மேசைக்கே போய்விட்டேன். அக்ரிலிக் பல்லுக்குக் கடினம், கண்ணாடி டம்ளரைக் கடிப்பது மாதிரி. ஆனால் வெயிலில் நிறம் மாறாது. எபொனைட்டோ வெளிச்சம் பட்டுப் பட்டுப் பழுப்பும் பச்சையுமாகிவிடும். அப்பா பேனாவும் அப்படித்தான் ஆயிற்று. நாங்கள் மை படிந்ததாக நினைத்துக்கொண்டிருந்தோம்.

சரி, இயந்திரத்துக்கு வருவோம்.

முதலில் நான் வாங்கியது 1×30. அதாவது ஒரு அங்குல அகலம், 30 அங்குலச் சுற்றளவு பெல்ட். மேசைமேல் வைக்கிற அளவு, நூறு டாலருக்குள் விலை. சுங்கான் செய்யத் தொடங்குகிற அமெரிக்கர்களில் பலர் இதில்தான் ஆரம்பிக்கிறார்கள். பெட்டியில் பெரிய எழுத்தில் வேகத்தைப் போட்டிருந்தார்கள், அதை நான் பெருமையாகத்தான் படித்தேன். வேகம் என்றால் நல்லதுதானே.

மூன்றாவது தண்டும் ஓட்டையான அன்றுதான் காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டேன். மோட்டாரின் சுற்று நிமிடத்துக்கு 3,450. ஓட்டும் சக்கரத்தின் விட்டம் 4 அங்குலம். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் பெல்ட் 32 சென்டிமீட்டர் நகரும். பெருக்கிப் பார்த்தால் நிமிடத்துக்கு 1,100 மீட்டர். மணிக்கு 66 கிலோமீட்டர். சாலையில் கார் போகிற வேகத்தில் ஓடும் உப்புத்தாளில் ஒன்றேகால் மில்லிமீட்டர் சுவரைக் கொண்டுபோய் ஒற்றியிருக்கிறேன்! கை ஒரு நொடி தயங்கினால், அந்த ஒரு நொடியில் 18 மீட்டர் உப்புத்தாள் அதன் மேல் ஓடி முடிந்திருக்கும்.

வேகத்தால் வருவது ஓட்டை மட்டும் என்றால் கைப்பழக்கத்தில் சரிசெய்துகொள்ளலாம். சூடு அதைவிடப் பெரிய பிரச்சினை. எபொனைட் வெப்பத்தை எளிதில் கடத்தாது. உரசும் இடத்திலேயே சூடு தேங்கி நிற்கும். இரும்பை அரைத்தால் விரல் சுடும், எடுத்துவிடுவோம். இங்கே விரலுக்குத் தெரியும்போது மேற்பரப்பு இளகிப் போயிருக்கும். தண்டை வளைப்பதற்கே அதைச் சூடாக்கித்தான் வளைப்போம். கொதிநீர் சூட்டிலேயே அது இணங்கிவிடும். மெல்லிய நுனி அரைக்கும்போதே சூடேறினால், நேராக இருக்க வேண்டியது லேசாகக் கோணிக்கொள்ளும். அக்ரிலிக்கின் கதை வேறு. அது உருகி நூல் நூலாக இழைந்து, பெல்ட்டின் துகள்களுக்கு நடுவே போய் இறுகிக்கொள்ளும். அதன்பின் அந்தப் பெல்ட் அரைக்காது, தேய்த்துச் சூடு மட்டும் பண்ணும்.

மூன்றாவதாக ஒன்று. பெல்ட் என்பது இரு முனைகளை ஒட்டிய பட்டை. மலிவான பெல்ட்டில் ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி ஒட்டியிருப்பார்கள், அந்த இடம் சற்றுத் தடிப்பாக இருக்கும். 30 அங்குலப் பெல்ட் அந்த வேகத்தில் ஒரு நொடிக்கு 24 முறை சுற்றுகிறது. ஒட்டு வரும்போதெல்லாம் தண்டை ஒரு தட்டு. விரலில் தெரிவது வெறும் அதிர்வு. பளபளப்பு ஏற்றிய பிறகு பார்த்தால் அலை அலையாகக் கோடு, தகர ஷீட் மாதிரி. மெருகேற்றக் கொண்டுபோன நேரத்தில்தான் அது கண்ணில் படும் என்பதுதான் கொடுமை.

வேறு இயந்திரம் பார்க்கலாம் என்று தேட ஆரம்பித்தேன். இந்தத் தேடல் ஒரு வியாதி. இரவு பன்னிரண்டு மணிக்குப் படுக்கையில் கிடந்து மோட்டார் படங்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். “என்னங்க, யார் கூடப் பேசிட்டிருக்கீங்க?” என்று கேட்ட மனைவி, திரையைப் பார்த்துவிட்டுப் பரிதாபமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

கடையில் எளிதில் கிடைப்பது நான்கு அங்குல அகலப் பெல்ட்டும் பக்கத்தில் ஆறு அங்குல வட்டத் தட்டும் சேர்ந்த வகை. மரவேலைக்கு நல்லது. கிண்ணத்துக்கு வட்டத் தட்டு மிகவும் உதவும். சுங்கான் செய்வதில் டென்மார்க் பாணி என்பதே அந்தத் தட்டிலிருந்து வந்ததுதான். கோபன்ஹேகனில் வேலை செய்த சிக்ஸ்டன் இவார்சன், முதலில் துளையிட்டு அதற்கேற்ப வடிவம் கொடுக்கும் பழைய முறையைப் புரட்டிப்போட்டு, முதலில் வடிவத்தைச் செதுக்கிவிட்டுப் பிறகு துளையிட்டார். அப்படிச் செய்யச் சுழலும் தட்டில் கட்டையைக் கையிலேயே திருப்பித் திருப்பி அரைக்க வேண்டும். அவர் வழிவந்தவர்கள் தட்டில் செய்யும் வேலையைப் பார்த்தால் வாய் பிளந்துவிடும். ஆனால் தண்டுக்கு நான்கு அங்குலப் பெல்ட் ஆகாது. தண்டின் கடிபகுதி அகலம் 16 மில்லிமீட்டர்தான் இருக்கும். பட்டனுக்கு முன்னால் ஒரு படி இறங்க வேண்டும். அகலப் பெல்ட்டில் அந்தப் படி எங்கே இருக்கிறது என்று கண்ணுக்கே தெரியாது, கை மறைத்துவிடும்.

அடுத்தது கத்தி செய்கிறவர்களின் 2×72. இது ஒரு ராஜ்ஜியம். இரண்டு அங்குல அகலம், 72 அங்குல நீளம், ஒன்றரை இரண்டு குதிரைசக்தி மோட்டார், கழற்றி மாட்டும் கைகள், பல அளவுச் சக்கரங்கள். இந்த அளவுக்குக் கிடைக்கும் பெல்ட் வகைகள் வேறெதற்கும் கிடையாது. நீளமான பெல்ட்டில் ஒவ்வொரு துகளும் சுற்றிவர அதிக நேரம் எடுப்பதால் ஆறிக்கொண்டு வரும், நெடுநாள் உழைக்கும். ஒட்டு வந்து தட்டுவதும் குறையும். எல்லாம் சரி. விலை ஆயிரம் டாலரைத் தாண்டும், கராஜில் ஒரு காரின் இடத்தில் பாதி போய்விடும். பணத்தையும் இடத்தையும் பார்க்காதவர்கள் கண்ணை மூடிக்கொண்டு, வேகம் மாற்றும் வசதியோடு, இதையே வாங்கலாம். நான் இரண்டையும் பார்க்கிறவன்.

நான்கு வீடு தள்ளி ஒரு பெரியவர் இருக்கிறார். வாழ்நாளெல்லாம் ராக்ஃபோர்டில் இயந்திரத் தொழிற்சாலைகளில் டை என்ற உலோக அச்சுகள் செய்தவர். அந்த ஊரே ஒரு காலத்தில் லேத், மில்லிங் இயந்திரங்களுக்குப் பேர் போனது. என் 2×72 ஆசையை அவரிடம் விவரித்துக்கொண்டிருந்தேன். எத்தனை குதிரைசக்தி, எத்தனை சக்கரம், என்ன வேகம் என்று நான் அடுக்க, அவர் காபியைக் குடித்துக்கொண்டே கேட்டார். கடைசியில் ஒரே கேள்விதான் கேட்டார். “இதில் எது ஆக மெதுவாக ஓடும்?”

என்னிடம் பதில் இல்லை. அந்த எண்ணை நான் பார்த்ததே இல்லை. விற்கிறவர்களும் அதைப் பெரிய எழுத்தில் போடுவதில்லை.

அன்று முதல் தேடலின் திசை மாறிவிட்டது. எனக்கு வேண்டியது அகலம் குறைந்த, 30ஐவிட நீளமான பெல்ட். நடந்துபோகிற வேகம் வரைக்கும் இறங்கும் மோட்டார். சக்தி கொஞ்சம் போதும். ஒரு தண்டில் நான் எடுக்கப்போகும் மொத்தப் பொருள் ஒரு பிடி தூள்கூட இல்லை.

பழைய சாமான் விற்பனையில் ஒரு 1×42 கிடைத்தது. வார்ப்பிரும்பு உடல், மோட்டார் எரிந்துபோனது. மோட்டார் எரிந்ததால் விலை சல்லிசு. எனக்கு எப்படியும் வேறு மோட்டார்தான் போடவேண்டும். அரை குதிரைசக்தி மூன்று ஃபேஸ் மோட்டார் ஒன்று வாங்கினேன். நான்கு துருவ மோட்டார், 60 ஹெர்ட்ஸில் 1,725 சுற்று. முந்தையதில் பாதி. வீட்டுக்கு வருவது ஒற்றை ஃபேஸ்தான். நடுவில் விஎஃப்டி என்ற பெட்டியை வைத்தால் அது ஒற்றை ஃபேஸை வாங்கி மூன்று ஃபேஸாக்கிக் கொடுக்கும், அதிர்வெண்ணையும் கூட்டிக் குறைக்கும். குமிழைத் திருகி 20 ஹெர்ட்ஸுக்கு இறக்கினால் மோட்டார் 575 சுற்று. அதே 4 அங்குலச் சக்கரத்தில் பெல்ட் மணிக்கு 11 கிலோமீட்டர். யாரோ நிதானமாகச் சைக்கிள் மிதிக்கிற வேகம். ஒட்டு நொடிக்கு மூன்று முறைதான் வரும், விரலால் எண்ணலாம்.

இதில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். மோட்டாரின் விசிறி அதன் சுழல் அச்சிலேயே இருக்கிறது. மெதுவாகச் சுற்றினால் காற்றும் குறையும், பல மணி நேரம் அழுத்தி அரைத்தால் மோட்டார் சூடாகும். எனக்கு அந்தப் பிரச்சினை இல்லை, நான் அழுத்துவதே இல்லை. இன்னொன்று, மோட்டார் முழுக்க மூடியதாக இருக்க வேண்டும். எபொனைட் தூள் மாவு மாதிரி, காற்றோட்டத் துளை இருந்தால் உள்ளே போய்க் குடியேறிவிடும். விஎஃப்டியைச் சுவருக்கு அந்தப் பக்கம் மாட்டிவிட்டு, குமிழை மட்டும் ஒயர் இழுத்து இயந்திரத்தின் அருகில் வைத்துக்கொண்டேன். இவ்வளவு செலவு வேண்டாம் என்பவர்கள் பழைய டிரெட்மில்லைப் பிரித்து, அதன் டிசி மோட்டாரையும் வேகக் கட்டுப்பாட்டையும் அப்படியே எடுத்துப் போடுகிறார்கள். புத்தாண்டுச் சபதம் எடுத்தவர்கள் மார்ச் மாதத்தில் தெருவில் வைத்துவிடும் டிரெட்மில்கள் இங்கே ஏராளம்.

பெல்ட்டைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்லாதது ஒன்று உண்டு. கிரிட் எண்ணைவிட முதுகுத் துணி முக்கியம். விறைப்பான துணி எக்ஸ் என்றும் இளகிய துணி ஜே என்றும் அச்சிட்டிருக்கும். கடையில் கைக்குக் கிடைப்பது பெரும்பாலும் எக்ஸ். இரும்புக்கும் சமதளத்துக்கும் அது சரி. தண்டு வளைவுகளால் ஆனது, அதற்கு ஜே வேண்டும். விறைப்பான பெல்ட்டின் ஓரம் கத்தி மாதிரி கோடு இழுத்துவிடும். அந்தக் கோட்டை எடுக்க அரை மில்லிமீட்டர் அரைக்க வேண்டும், அந்த அரை மில்லிமீட்டர் நம்மிடம் இல்லை. இரு முனைகளையும் மேலே ஏற்றாமல் நேருக்கு நேர் சேர்த்து, பின்னால் மெல்லிய டேப் ஒட்டிய பெல்ட்டாகப் பார்த்து வாங்கினால் அந்தத் தட்டல் தொல்லையும் ஏறத்தாழ இல்லை.

கிரிட்டில் 120இல் தொடங்குகிறேன். துகள் 0.125 மில்லிமீட்டர். அடுத்து 240, அது 0.06க்குச் சற்றுக் குறைவு. அதோடு இயந்திரத்தை நிறுத்திவிடுகிறேன். 80ஐ டிராயரில் பூட்டி வைத்திருக்கிறேன், சாவி எங்கே என்று மறந்தும் போயிற்று. சிலிக்கன் கார்பைடு பெல்ட்டின் கூர்மை எபொனைட்டுக்குப் பொருந்துகிறது. மழுங்கினால் உடனே மாற்றிவிட வேண்டும். மழுங்கிய பெல்ட்டை இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம் என்ற நம் நடுத்தர வர்க்கப் புத்தி இங்கே உதவாது. மழுங்கினது வெட்டாது, உரசும். உரசினால் சூடு. பிறகு பட்டாசு வாசனை.

இயந்திரத்தில் மூன்று இடங்கள் இருக்கின்றன. பெல்ட்டுக்குப் பின்னால் தட்டையான இரும்புப் பலகை இருக்கும் இடம், பிளேட்டன். சக்கரத்தின் மேல் ஓடும் இடம். எதுவும் தாங்காமல் பெல்ட் தொங்கலாக ஓடும் இடம். பிளேட்டன் தட்டையாக்கும், சக்கரம் குழியாக்கும், தொங்கல் உருண்டையாக்கும். தண்டுக்கு மூன்றும் வேண்டும். கட்டையோடு சேரும் பக்கத்திலிருந்து பட்டன் வரை இறங்கும் சரிவைப் பிளேட்டனில் எடுக்கிறேன். பக்கவாட்டு விளிம்புகளைத் தொங்கலில் லேசாக உருட்டுகிறேன். என் பழைய மலிவு இயந்திரத்தில் பிளேட்டனைக் கழற்றவே முடியாது, மெல்லிய தகரத்தை மடக்கிப் பற்றவைத்திருந்தார்கள். அழுத்தினால் அது வளையும். வாங்கும் முன் கட்டைவிரலால் பிளேட்டனை அழுத்திப் பாருங்கள். மேல் சக்கரத்தையும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். நடு உயர்ந்து ஓரம் தாழ்ந்த அந்தச் சக்கரம்தான் பெல்ட்டை நடுவில் நிறுத்துகிறது. அதன் பேரிங்கில் ஆட்டம் இருந்தால் பெல்ட் வலமும் இடமும் அலைந்துகொண்டே இருக்கும்.

தண்டின் முதல் முக்கால்வாசி வேலை இப்போது கால் மணி நேரத்தில் முடிகிறது. முன்னே பத்து நொடியில் முடிந்த வேலை. தண்டை இரண்டு கையாலும் பிடித்து, முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொண்டு, இடுப்பிலிருந்து அசைய வேண்டும். தோசைக்கல்லில் மாவு தேய்ப்பது போல ஒரே ஓட்டம், நடுவில் நிற்கக் கூடாது. மூன்று இழுப்புக்கு ஒரு முறை காலிப்பரில் அளவு. ஐந்துக்கு ஒரு முறை தண்டைக் கன்னத்தில் வைத்துச் சூடு பார்ப்பேன். விரலைவிடக் கன்னம் நம்பகமானது. நாலரை மில்லிமீட்டர் வந்ததும் குமிழைத் திருகி அணைத்துவிடுவேன்.

மீதி அரை மில்லிமீட்டர் அரத்துக்கு. பட்டனின் படியை எந்த பெல்ட்டும் கூர்மையாக எடுக்காது, எடுக்க விடவும் கூடாது. இதற்கென்று ஒரு விளிம்பில் பல்லே இல்லாத தட்டை அரம் உண்டு. அந்த மழுமழுப்பான விளிம்பைப் பட்டனோடு ஒட்டிவைத்து இழுத்தால், பட்டனைத் தொடாமல் அதன் அடிவாரம் மட்டும் இறங்கும். ஸ்விட்சர்லாந்தின் வல்லோர்ப் ஊர் அரங்கள் விலை அதிகம். அழுதுகொண்டே வாங்கினேன். இந்த அரை மில்லிமீட்டருக்கு ஒரு மணி நேரம் ஆகிறது. அப்புறம் 400, 600, 800 என்று தண்ணீர் தொட்டு உப்புத்தாள். கடைசியாகத் துணிச் சக்கரத்தில் மெருகு.

தூசியைப் பற்றி ஒரு பத்தி எழுதியே ஆக வேண்டும். மரத்தூளை உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை புகையிலையோடு ஒரே முதல் பிரிவில் வைத்திருக்கிறது. சுங்கான் பிடிக்காமல் தப்பித்தவன் அதைச் செய்து மாட்டிக்கொண்டால் அசிங்கம். நுண்தூசியை வடிகட்டும் பி100 முகமூடி, பெல்ட்டுக்கு நேர் கீழே உறிஞ்சும் குழாய். கையுறை கூடவே கூடாது, பெல்ட் இழுத்துக்கொண்டால் கை பின்னாலேயே போகும். அப்புறம் ஒன்று, இந்த இயந்திரத்தில் இரும்பு அரைக்கவே கூடாது. உறிஞ்சும் குழாயில் ரப்பர் தூளும் மரத்தூளும் நிறைந்திருக்கும். ஒரு தீப்பொறி உள்ளே போனால் போதும். ராக்ஃபோர்ட் பெரியவர் ஒரு நாள் உளி தீட்டக் கொண்டுவந்தார். அவர் கேள்வியால் உருவான இயந்திரத்தில் அவரையே வேண்டாமென்று சொல்ல வேண்டியிருந்தது. காரணத்தைச் சொன்னதும் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார். அடுத்த இரண்டு வாரம் காபிக்கு வரவில்லை.

பிறகு வந்தார். மேசையில் கிடந்த ஏழாவது தண்டை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தார், ஒளி ஒழுகுகிறதா என்று. பட்டனைக் கட்டைவிரலால் தடவினார். தன் மைக்ரோமீட்டரைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து அளந்தார் (சட்டைப்பையில் மைக்ரோமீட்டரோடு காபி குடிக்க வருகிறவர் அவர்). 4.08 என்றார். நான் நாலு என்று நினைத்திருந்தேன். பிளேட்டன் இரும்பில் நடுவே தேய்மானம் இருக்கிறது, நேர்விளிம்பை வைத்துப் பார் என்றார். வைத்துப் பார்த்தேன். இருந்தது.

கத்தி செய்கிறவர்கள் பிளேட்டன் மேல் வெப்பம் தாங்கும் கண்ணாடித் தகடு ஒட்டிக்கொள்வார்கள். அது தேயாது. ஒரு துண்டு வாங்கி நேற்று இரவு எபாக்ஸி வைத்து ஒட்டியிருக்கிறேன். காய 24 மணி நேரம் ஆகும் என்று டியூபில் போட்டிருக்கிறது. அதுவரை எட்டாவது தண்டு முளை மட்டும் கடைந்தபடி லேத்திலேயே நிற்கிறது.